கேட்டுக்கொண்டிருந்த மருந்து ஏன் கேட்காமல் போனது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வாழ்க்கையில் ஒருநாளும் புகைபிடித்ததில்லை. நுரையீரலில் அடினோகார்சினோமா, நான்காம் நிலை என்றார்கள். ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 19 டெலிஷன் இருந்ததால் ஓசிமெர்டினிப் மாத்திரை தினம் ஒன்று கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. 16 மாதம் நன்றாக இருந்தார். போன ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது, கல்லீரலிலும் ஒரு புள்ளி தெரிகிறது. டாக்டர் திரும்பவும் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார், அம்மா பயப்படுகிறார். புற்றுநோய் செல்கள் சாகாமல் தப்பிக்கின்றன, அந்தத் தப்பிக்கும் வழியை அடைக்க வெனிடோகிளாக்ஸ் என்று ஒரு மாத்திரை இருக்கிறது என்று படித்தேன். அதையே கேட்டு வாங்கலாமா? உறவினர் ஒருவர் 'கேன்சர் செல்லைச் சாகவைக்கும்' மூலிகை காப்ஸ்யூலும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெனிடோகிளாக்ஸ் வேண்டாம். காப்ஸ்யூல் டப்பாவைத் திறக்க வேண்டாம். பயாப்ஸிக்கு அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம், கொஞ்சம் நீளமாகப் போகும், நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கடிதங்களில் எல்லாம் வரிகளுக்கு நடுவே ஒரு குற்ற உணர்வு இருக்கும்: எங்கோ மாத்திரை தவறிவிட்டதோ, சாப்பாட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அப்படி எதுவும் இல்லை. ஓசிமெர்டினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் நோய் மறுபடி தலைதூக்குவதற்கு ஆன இடைநிலைக் காலம் 18.9 மாதம். அதாவது பாதிப் பேருக்கு அதற்கு முன்பே திரும்பியது, மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு. அம்மாவின் 16 மாதம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் எதையும் கோட்டைவிடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டே இருக்கின்றன. வயதானவை, பழுதானவை, தேவைக்கு மேல் உண்டானவை. கருவில் இருக்கும்போது நம் விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தது, அந்தச் செல்கள் செத்ததால்தான் விரல் விரலாகப் பிரிந்தது. 1972-ல் மூன்று விஞ்ஞானிகள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், அப்போப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இதைச் 'செல்லின் தற்கொலை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, நோயாளியின் முன்னால் சொல்லவும் வாய் வராது. உதிர்வது என்றே சொல்கிறேன், அதுதான் பொருத்தம்.

படிக்கிற காலத்தில் ஒரு செல் உதிர்வதை நுண்ணோக்கியில் எடுத்த வீடியோவாகப் பார்த்திருக்கிறேன். தட்டின் அடியில் விரல் விரித்த கைபோலப் பரந்து ஒட்டிக்கொண்டிருக்கும் செல், முதலில் ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகும். அப்புறம் அதன் மேல்பரப்பு முழுக்கக் குமிழ் குமிழாகக் கொப்பளிக்கத் தொடங்கும், உள்ளே டிஎன்ஏ துண்டு துண்டாக நறுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடையும், ஒவ்வொன்றும் தோல் போர்த்திய பொட்டலம், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது. உடம்புக்குள் என்றால் பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, வலியும் இல்லை. அம்மாவின் கட்டி முதல் இரண்டு மாதத்தில் சுருங்கியபோது நுரையீரலுக்குள் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதை நடத்திவைக்கும் புரதங்கள் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. மருந்து புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு ஆற்றல் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் ஓட்டை போடக் காத்திருக்கும் இரண்டு புரதங்கள், பாக்ஸ், பாக். ஓட்டை விழுந்தால் உள்ளிருந்து சைட்டோகுரோம் சி என்ற பொருள் சில நிமிடங்களில் கசிந்து வெளியே வரும், அது காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகளை எழுப்பிவிடும், அதற்குப் பிறகு செல்லைத் திருப்புவது மிகவும் கடினம். ஆகவே எல்லாமே அந்த ஓட்டை விழுமா விழாதா என்பதில் இருக்கிறது. விழாமல் பாக்ஸையும் பாக்கையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவை மூன்று நான்கு புரதங்கள்: பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 என்று பெயர்கள். அந்தப் பிடியை விலக்க வருபவை இன்னொரு கூட்டம், அதில் உங்கள் அம்மா விஷயத்தில் முக்கியமானது 'பிம்' என்ற புரதம்.

புற்றுநோய் செல்லுக்குச் சாகத் தெரியாது என்று நினைப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. கண்டபடி பிளந்துகொண்டே போவது, டிஎன்ஏ உடைவது, ஆக்சிஜன் போதாமை, இத்தனையும் சேர்ந்து அந்தச் செல்லை எந்நேரமும் உதிர்வின் விளிம்பிலேயே நிறுத்தியிருக்கின்றன. பிடிக்கும் புரதங்களைத் தேவைக்கு மேல் குவித்து வைத்திருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் மூளை, இதயத் தசை போன்ற இடங்களில் ஓட்டை போடும் புரதங்களே மிகக் குறைவு, அவற்றை உதிர வைப்பது கஷ்டம். கீமோ கொடுத்தால் கட்டி கரைந்து ஆள் பிழைத்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நுரையீரல் புற்றுநோய் இந்தப் பிடியை எப்படி இறுக்குகிறது? ஒரு வழி அல்ல. பழுதைக் கண்டால் உதிரச் சொல்லும் பி53 என்ற காவல் மரபணுவைக் கெடுத்துவிடும். அம்மாவுக்கு வந்திருக்கும் அடினோகார்சினோமா வகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கெட்டிருக்கிறது, ஸ்மால் செல் என்ற இன்னொரு வகை நுரையீரல் புற்றுநோயில் கிட்டத்தட்ட எல்லோருக்கும். சில கட்டிகள் எம்சிஎல்-1 மரபணுவையே பல பிரதிகள் எடுத்து வைத்திருக்கும். சில கட்டிகள் காஸ்பேஸ் எழுந்த பிறகும் அதன் கையைக் கட்டிப்போடும் புரதங்களை வைத்திருக்கும். வெளியிலிருந்து 'உதிர்' என்று கட்டளை தரும் ஏற்பிகளும் செல்லின் மேல்தோலில் உண்டு. அவற்றைத் தூண்டும் மருந்துகளைக் கீமோவோடு சேர்த்து நுரையீரல் புற்றுநோயில் பார்த்தார்கள், பலன் இல்லை. சோதனைத் தட்டில் அவ்வளவு அழகாக வேலை செய்தவை.

அம்மாவின் கட்டிக்கு வருவோம். எக்ஸான் 19 டெலிஷன் என்றால் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி அணைக்க முடியாத சுவிட்ச் போல எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது 'வளர், பிள' என்று சொல்வதோடு நிற்பதில்லை. உண்டாகும் பிம் புரதத்தை அப்போதைக்கப்போது அடையாளம் போட்டுக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிம் இல்லை என்றால் பிடியை விலக்க ஆள் இல்லை. ஓசிமெர்டினிப் போய் அந்த ஏற்பியை அடைத்ததும் குப்பைக்குப் போவது நிற்கிறது, பிம் சேர்கிறது, பிடி தளர்கிறது, ஓட்டை விழுகிறது, செல் உதிர்கிறது. மாத்திரை நேராகப் போய் செல்லைக் கொல்லவில்லை, செல் தன் சாவை அடக்கி வைத்திருந்ததை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். கிழக்காசியர்களில் ஏறத்தாழ நூற்றில் 12 பேருக்குப் பிறவியிலேயே பிம் மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள், அவர்களுக்கு இந்த வகை மருந்துகள் சுமாராகவே கேட்கின்றன. பிம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் 16 மாதம் கழித்து ஏன் கேட்காமல் போனது? ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்த அந்த நல்ல மாதங்களிலேயே பதில் இருக்கிறது. எல்லாச் செல்களும் உதிரவில்லை. ஒரு சிறு கூட்டம், மருந்து இருக்கும்போது பிளக்காமல், வளராமல், பிசிஎல்-எக்ஸ்எல் அல்லது எம்சிஎல்-1-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே முடங்கிக் கிடந்தது. அவற்றுக்கு அப்போது புதிய மரபணு மாற்றம் எதுவும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, சும்மா தாக்குப்பிடித்தன. அப்படிக் கிடக்கும் காலத்தில் ஏதோ ஒரு செல்லுக்கு ஒரு மாற்றம் தற்செயலாக அமைகிறது, அதிலிருந்து கட்டி திரும்பி வளர்கிறது. சில சமயம் அந்த மாற்றம் உள்ள செல் ஆரம்பத்திலிருந்தே ஒன்றிரண்டு இருந்திருக்கவும் கூடும்.

அந்த மாற்றம் என்ன என்பதுதான் இப்போதைய கேள்வி, டாக்டர் பயாப்ஸி கேட்பது அதற்காகத்தான். ஓசிமெர்டினிப் ஈஜிஎஃப்ஆர் புரதத்தின் 797-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. அந்த இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரின் வந்துவிட்டால் கொக்கி மாட்ட இடமில்லை. ரிப்போர்ட்டில் 'சி797எஸ்' என்று வரும். அல்லது ஈஜிஎஃப்ஆர் அடைபட்டே கிடக்க, பக்கத்தில் 'மெட்' என்ற வேறொரு ஏற்பி பெருகி அதே கட்டளையைக் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம், இது அடிக்கடி பார்ப்பது. அல்லது, நூற்றில் சிலருக்கு, செல் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு ஸ்மால் செல் வகையாகிவிடும். பி53, ஆர்பி1 என்ற இரண்டு மரபணுக்களும் கெட்டிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் 'டிபி53' என்று இருக்கிறதா பாருங்கள், பி53 மரபணுவை ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள், பெரும்பாலும் யாரும் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை, எல்லோர் கண்ணும் ஈஜிஎஃப்ஆர் வரியிலேயே நிற்கும்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மெட் பெருகியிருந்தால் அதை அடைக்கும் மருந்தை ஓசிமெர்டினிப்போடு சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம். ஸ்மால் செல்லாக மாறியிருந்தால் கீமோவே மாறிவிடும், பிளாட்டினம் மருந்தோடு எட்டோபோசைடு. எதுவும் பிடிபடவில்லை என்றால் பிளாட்டினம் கீமோ, அல்லது அதோடு ஈஜிஎஃப்ஆரையும் மெட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் அமிவாண்டமாப் என்ற ஆன்டிபாடி. ஓசிமெர்டினிப் கேட்காமல் போனவர்களுக்கு இந்தச் சேர்க்கையை அமெரிக்கா 2024-ல் அனுமதித்தது, தனிக் கீமோவில் 4.2 மாதம் கட்டுப்பட்ட நோய் இதில் 6.3 மாதம் கட்டுப்பட்டது. பெரிய வித்தியாசம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நிஜமான வித்தியாசம். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் லிக்விட் பயாப்ஸி போதாதா என்று அம்மா கேட்கலாம். அதை முதலில் செய்வது நல்லதுதான், சி797எஸ் போன்றவை அதில் தெரியும். மெட் பெருக்கம் சில சமயம் தப்பிவிடும். செல்லின் உருவம் மாறியிருப்பதை ஊசியில் எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும்.

இப்போது நீங்கள் படித்த வெனிடோகிளாக்ஸ். மோசமான மருந்து இல்லை, அருமையான மருந்து. பிசிஎல்-2-இன் பிடியை நேராக விடுவிக்கும். நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் அனுமதி கிடைத்தது, அதன் போக்கையே மாற்றியது. ஆனால் அந்த ரத்தப் புற்றுநோய் செல் பெரும்பாலும் பிசிஎல்-2 ஒன்றையே நம்பி உயிர் வாழ்கிறது. அம்மாவுக்கு வந்திருக்கும் வகை அப்படி இல்லை, பிசிஎல்-எக்ஸ்எல்லையும் எம்சிஎல்-1-ஐயும் நம்பி நிற்கிறது. ஒரு கையை விடுவித்தால் மற்ற இரண்டு கை பிடித்துக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோய்க்கு வெனிடோகிளாக்ஸுக்கு அனுமதி இல்லை, கிடைத்தாலும் வெள்ளணுக்கள் குறைந்து தொற்று வரும் கஷ்டம்தான் மிஞ்சும்.

'அப்படியானால் பிசிஎல்-எக்ஸ்எல்லையே அடைக்கலாமே?' என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. நாவிடோகிளாக்ஸ் என்ற மருந்து பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டையும் அடைக்கும். ஓசிமெர்டினிப்போடு சேர்த்து ஈஜிஎஃப்ஆர் நோயாளிகளிடம் சிறிய ஆரம்பக்கட்ட ஆய்வுகூட நடந்திருக்கிறது, முடங்கிக் கிடக்கும் அந்தக் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். தடங்கல் எங்கே வந்தது தெரியுமா, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாகப் புரதம் அதிகம் செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது கொண்டுவந்த பிசிஎல்-எக்ஸ்எல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்து தீர்ந்ததும் தட்டணு உதிரும். அதன் ஒரு வார, பத்து நாள் ஆயுளை அளப்பதே அந்தப் புரதம்தான். அதை மருந்தால் அடைத்தால் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிழவர்களாகிவிடுகின்றன, எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது. நான் படித்தவற்றில் மறக்க முடியாத விஷயங்களில் இது ஒன்று. இதைத் தாண்ட, தட்டணுவுக்குள் மட்டும் வேலை செய்யாதபடி வடிவமைத்த மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. எம்சிஎல்-1-ஐ அடைக்கும் மருந்துகளில் சிலவற்றின் ஆய்வுகள் இதயத்தைப் பாதிக்கும் அறிகுறி தெரிந்ததால் நிறுத்தி வைக்கப்பட்டன. பிடியை நேராக விடுவிக்கும் யோசனை தப்பு இல்லை, நல்ல செல்களும் அதே பிடியை நம்பியிருப்பதுதான் சிக்கல். ஆய்வு எதிலாவது சேர வாய்ப்பு உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், கடையில் தேடாதீர்கள்.

வேறு மரபணு மாற்றம் உள்ளவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு பத்தி. ஏஎல்கே மாற்றத்தைச் சுமக்கும் கட்டி அந்த ஒரே கட்டளையை நம்பி உதிராமல் நிற்கிறது, அதை அடைக்கும் லோர்லாடினிப் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் நோய் முன்னேறவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. கேராஸ் மரபணுவை மருந்தே தொடமுடியாது என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதன் ஜி12சி மாற்றத்துக்கு 2021-ல் சோடோராசிப் வந்தது, ஆனால் ஈஜிஎஃப்ஆர் மருந்து அளவுக்கு நாள்பட நிற்பதில்லை. ஸ்மால் செல் வகைக்கு 2024-ல் வந்த டார்லாடமாப், நோய் எதிர்ப்பு செல்லைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிச் செல்லின் பக்கத்தில் நிறுத்துகிறது, அந்த எதிர்ப்பு செல் வெளியிலிருந்தே ஓட்டை போட்டு உள்ளே நொதியைச் செலுத்துகிறது.

காப்ஸ்யூல் விஷயம். 'புற்றுநோய் செல்லில் அப்போப்டோசிஸைத் தூண்டுகிறது' என்று டப்பாவில் எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அதுதான் இதில் உள்ள தொல்லை. கண்ணாடித் தட்டில் வளரும் செல் மேல் போதுமான அளவு எதை ஊற்றினாலும் அது உதிரும். விழுங்கிய பிறகு குடலையும் கல்லீரலையும் தாண்டி அதே அளவு கட்டிக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு டப்பாவில் பதில் இருக்காது. அதைவிடப் பெரிய கவலை, ஓசிமெர்டினிப்பைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தைச் சில மூலிகைகள் கூட்டிவிடும், ரத்தத்தில் மருந்து குறைந்துபோகும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி இதற்குப் பேர்போனது. ஆன்டிஆக்சிடன்ட்டைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். பழுதான செல்லை உதிரச் சொல்லும் அழுத்தங்களில் ஒன்று அதனுள்ளே நடக்கும் ஆக்சிஜனேற்றம், அதைத் தணித்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பியவர் பாசத்தில் அனுப்பியிருக்கிறார், அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நோய் வளர்ந்துவிட்டது என்பதற்காக ஓசிமெர்டினிப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டியின் ஒரு பகுதிதான் தப்பியிருக்கிறது, மற்ற பகுதி இன்னும் மருந்துக்கு அடங்கித்தான் கிடக்கிறது; இந்த வகை மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலேயே மூச்சு வாங்கும் அளவுக்கு நோய் வேகம் எடுத்தவர்கள் உண்டு. அதேபோல 'இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) போட்டுவிடலாம்' என்று யாராவது அவசரப்படுத்தினால், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள கட்டிகளில் அது தனியாகப் பெரிதாகக் கேட்பதில்லை என்பதையும், அதைப் போட்டுவிட்டு உடனே ஓசிமெர்டினிப்புக்குத் திரும்பினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரக்கூடும் என்பதையும் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அம்மாவின் பயம்தான் மிச்சம். அவர் மனதில் இருப்பது அநேகமாக முதல் பயாப்ஸி, நெஞ்சில் ஊசி இறங்கிய அனுபவம். இந்த முறை கல்லீரல் புள்ளியிலிருந்து எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். புதிதாக வளர்ந்த இடம் அதுதான், தப்பித்த செல்கள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்; மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள், நுரையீரலில் குத்தும்போது இருக்கும் காற்றுக் கசிவு பயம் இதில் மிகக் குறைவு. ரத்தம் கசியாமல் இருக்கச் சில மணி நேரம் படுக்க வைத்துக் கவனித்து அனுப்புவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு விடாமல் முழு மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். போகும்போது 16 மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அந்த டிபி53 வரியை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.